வேலியில் ஒரு பொட்டு

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் ஊரடங்கு. நள்ளிரவோடு முகநூல், வட்ஸ்அப், டுவிட்டர், யூடியூப், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் இலங்கையில் நிறுத்தினார்கள். பிற்பகலில்தான் திரும்ப விட்டார்கள். அந்த இடைவெளியில் சமூக ஊடகத்தின் பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டிருக்கும். சாதாரணமான ஓர் இணையத்தளத்தைத் திறந்தால், தலைப்பு வந்தது, பட்டியல் வந்தது, தொடர்பு முகவரி வந்தது. ‘அண்மைச் செய்திகள்’ இருக்கவேண்டிய ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். அந்தத் தளத்தை யாரும் தடைசெய்யவில்லை. தளத்தின் செய்திகள் தளத்தில் இருந்ததே இல்லை, அவ்வளவுதான்.

முகநூல் பதிவொன்றை ஒரு தளத்தில் ‘பதித்து’ வைப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? தளத்தின் வழங்கியில் அந்தப் பதிவின் ஓர் எழுத்துக்கூடச் சேமிக்கப்படுவதில்லை. அங்கே கிடப்பது நாலைந்து வரி நிரல். பக்கத்தைத் திறக்கும் உங்கள் உலாவிக்கு அது ஒரு கட்டளை கொடுக்கிறது: நீயே முகநூலின் வழங்கிக்குப் போ, இந்த இலக்கமுள்ள பதிவைக் கேட்டு வாங்கு, இந்தச் சதுரத்துக்குள் வரைந்துவிடு. வன்னியில் தர்மபுரம் என்ற ஊரில் ஒருவர் தன் போனில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது அவருடைய போன் இரண்டு வீடுகளுக்கு ஓடுகிறது. ஒரு வீட்டில் தளம், மற்ற வீட்டில் செய்தி. அயல்வளவைப் பார்க்க வேலியில் ஒரு பொட்டு வெட்டி வைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. அடுத்த வளவுக்காரர் கிடுகை இழுத்து அடைத்துவிட்டால் நமக்குத் தெரிவது கிடுகுதான்.

அடைப்பது அரசாங்கமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. 2018 மார்ச்சில் திகனக் கலவரத்தோடும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளோடும் இங்கே சமூக ஊடகங்கள் நாட்கணக்கில் மூடப்பட்டன. ஆனால் எந்தக் கலவரமும் இல்லாத 2020 அக்டோபர் 24 அன்று முகநூல் நிறுவனமே ஒரு வாசலைப் பூட்டியது. அதுவரை வேர்ட்பிரஸ் தளங்களில் முகநூல் அல்லது இன்ஸ்டகிராம் முகவரியை ஒட்டினால் போதும், பதிவு தானாக விரியும். அன்றிலிருந்து அனுமதிச் சாவி வைத்திருப்போருக்கு மட்டுமே அந்த வசதி.

இத்தனையும் தெரிந்தும் திறமூல மென்பொருள் திட்டங்கள் தங்கள் செய்தியை ஏன் இப்படி முகநூலில் விட்டுவைக்கின்றன? அதற்கான தேவை பொய்யானதல்ல. திறமூலத் திட்டம் என்பது பெரும்பாலும் வேலை முடிந்து வீடு திரும்பிய பின் இரவில் நிரல் எழுதும் சிலர். நிரலைத் திருத்த ஆள் கிடைக்கும். தளத்தில் செய்தி எழுத ஆள் கிடைக்காது. முகநூலில் இரண்டு வரி போடுவதோ ஒரு நிமிட வேலை. ஆகவே முகநூல் பக்கம் உயிரோடு இருக்கும், தளம் காய்ந்துபோகும். புதிதாக வருபவர் தளத்தைத் திறக்கிறார், கடைசிச் செய்தி மூன்று வருடம் பழையது, ‘இது செத்துப்போன திட்டம்’ என்று மூடிவிட்டுப் போகிறார். உள்ளே நேற்றுத்தான் புதிய பதிப்பு வெளிவந்திருக்கும். நம்மூரில் இன்னொரு காரணமும் உண்டு. சமூக ஊடகத்துக்கு மட்டுமான டேட்டா பக்கேஜைத்தான் பலர் றீலோட் பண்ணுகிறார்கள். அவர்களுக்கு முகநூல் திறக்கும். மற்றத் தளங்கள் திறக்கா. முகநூலை விட்டுவிட்டு எழுது என்று உபதேசம் செய்வது அவர்களைக் கைவிடுவதற்குச் சமம்.

ஆகவே இரண்டும் வேண்டும். எது முதலில், எது எங்கே கிடக்கவேண்டும் என்பதில்தான் பிசகு நடக்கிறது.

இதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். இலங்கையில் பிறந்த திறமூலத் திட்டங்களில் உலகம் அறிந்த ஒன்று சகனா என்ற பேரிடர் உதவி மென்பொருள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குச் சில நாட்களிலேயே கொழும்பில் மென்பொருள் துறைத் தொண்டர்கள் கூடி எழுதத் தொடங்கியது அது. காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, எங்கே என்ன தேவை என்ற கோரிக்கைப் பட்டியல் என நான்கு பகுதிகள். லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வீடாக இருந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் யாவா நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. பின்னர் பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்டு, சகனா ஈடன் என்ற பெயரில் 2010இல் ஹெய்ட்டிக்குப் போனது.

சகனா பிறந்தபோது டுவிட்டர் கிடையாது. அது வந்தது 2006இல். முகநூல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குள் அடைபட்டிருந்தது. எனவே திட்டத்தின் பேச்சு மின்னஞ்சல் குழுவிலும் விக்கியிலும் நடந்தது, நிரல் சோர்ஸ்ஃபோர்ஜில் கிடந்தது. பிறகு நிரல் லோஞ்ச்பேட்டுக்கும் அங்கிருந்து கிட்ஹப்புக்கும் குடிபெயர்ந்தது. இந்தக் குடிபெயர்வைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இன்றைய பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் ஒரு நிரலை இறக்கிக்கொள்பவர் அதன் கடைசி வடிவத்தை மட்டும் பெறுவதில்லை. யார் எந்த நாள் எந்த வரியை ஏன் மாற்றினார் என்ற முழு வரலாறும் அவருடைய கணினிக்கு வந்துவிடுகிறது. பிரதி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் முழுச் சரித்திரம். ஒரு நிறுவனம் நாளை கதவடைத்தாலும் யாராவது ஒருவரின் மடிக்கணினியிலிருந்து அனைத்தையும் மீட்கலாம். அதே திட்டத்தின் முகநூல் பதிவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நிரலை இவ்வளவு கவனமாகக் காப்பவர்கள் தங்கள் செய்தியை ஏன் அயல்வளவில் விட்டுவைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புதிர்தான்.

வெட்டிய பொட்டுக்குப் பதிலாக, செய்தியையே நம் வளவுக்குக் கொண்டுவரும் வழி கால் நூற்றாண்டாக இருக்கிறது. அதன் பெயர் செய்தியோடை. தமிழ் வலைப்பதிவுக் காலம் நினைவிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி ஓடியதே செய்தியோடைகளை நம்பித்தான். யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் சிங்கப்பூரிலும் யார் எதை எழுதினாலும் சற்று நேரத்தில் அது ஒரே பக்கத்தில் வந்து விழும். 

செய்தியோடை என்பது ஒரு சிறிய எழுத்துக் கோப்பு. அலங்காரம் இல்லை, படம் இல்லை. கடைசியாக எழுதிய பத்து இருபது பதிவுகளின் தலைப்பு, முகவரி, எழுதிய நேரம், வாசகம், மாறாத ஓர் அடையாள இலக்கம் ஆகியவை மட்டும், இயந்திரம் வாசிக்கும் ஒழுங்கில். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதன் முதல் வடிவத்தை ஆக்கியவர்களில் ஒருவர் இராமநாதன் குகா. சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அப்போது நெட்ஸ்கேப் வைத்திருந்த முகப்புப் பக்கத்தில் பல தளங்களின் தலைப்புகளைத் திரட்டிக் காட்ட ஒரு வழி வேண்டியிருந்தது. தேவை சிறியது, விடையும் சிறியது. அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஓடையிலிருந்து எடுப்பவர் அடிக்கடி வந்து பார்க்கவேண்டும். ‘புதிதாக ஏதும் உண்டா?’ என்று மணிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தால் டேட்டா வீணாகாதா? இதற்கு இணைய நெறிமுறையிலேயே அழகான ஓர் ஏற்பாடு இருக்கிறது. வழங்கி முதல்முறை கோப்பைக் கொடுக்கும்போது அதோடு ஒரு முத்திரைச் சொல்லையும் கொடுக்கிறது. கோப்பு மாறினால் முத்திரையும் மாறும். அடுத்தமுறை வருபவர் தன்னிடமுள்ள முத்திரையைக் காட்டிக் கேட்பார். மாற்றமில்லை என்றால் வழங்கி கோப்பை அனுப்பாது. 304 என்ற இலக்கத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடும். இருபது தமிழ்ப் பதிவுகள் கொண்ட முழு ஓடையே சில பத்துக் கிலோபைட்தான். போனில் எடுத்த ஒரு புகைப்படம் அதைப்போல நூறு மடங்கு வரும்.

அப்படியானால் டுவிட்டரின் ஓடையை எடுத்துத் தளத்தில் இட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். ஒருகாலத்தில் முடிந்தது. சகனா ஈடனுக்குள்ளேயே டுவிட்டர் பதிவுகளையும் செய்தியோடைகளையும் இழுத்தெடுத்து வாசிக்கும் பகுதிகள் உண்டு. பேரிடர் நேரத்தில் மக்கள் எழுதுவதைத் திரட்டுவதற்காக. ஆனால் 2013 ஜூனில் டுவிட்டர் தன் ஓடைகளை வற்றவைத்தது. அடுத்த மாதம் முதலாந் தேதி கூகுள் தன் ஓடை வாசிப்பானை மூடியது. 2023 பெப்ரவரியில் டுவிட்டரிலிருந்து நிரல் வழியாகப் பதிவுகளை எடுக்கும் இலவச வழிக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது; மார்ச்சில் வந்த சாதாரணக் கட்டணம் மாதம் 100 டொலர். அன்றைய மதிப்பில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். சம்பளமில்லாமல் நடக்கும் ஒரு திட்டம் தன் சொந்த வார்த்தைகளைத் திரும்ப வாங்க அந்தக் காசைக் கொடுக்குமா?

இதிலிருந்து வரும் முடிவு எளிது. முதலில் வீட்டில் எழுது, பிறகு வெளியே அனுப்பு. திட்டத்தின் நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில், ஒரு பதிவுக்கு ஒரு சிறு எழுத்துக் கோப்பு. அதைச் சேமித்ததும் ஒரு நிரல் எழுந்து மூன்று வேலை செய்யும்: தளத்தின் பக்கங்களைப் புதிதாக ஆக்கும், செய்தியோடையைப் புதுப்பிக்கும், சமூக ஊடகங்களுக்குச் சுருக்கமும் இணைப்பும் அனுப்பும். முகநூல் பக்கேஜ் வைத்திருப்பவருக்கும் செய்தி போகும். மூலமோ நிரலின் சரித்திரத்தோடு சேர்ந்து எல்லாப் பிரதிகளிலும் கிடக்கும். எழுதியது ஏற்கெனவே வெளியே மட்டும் கிடக்கிறது என்றால் அதை ஒருமுறை இறக்கிக் கோப்புகளாக்கிவிடுவது நல்லது. முகநூலே தன் பயனருக்கு அவருடைய தரவை மூட்டையாகக் கட்டித் தருகிறது, கேட்டால்.

தமிழில் எழுதுபவருக்கு இந்த அனுப்பும் இடத்தில் ஒரு பொறி காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு வெளியிடும் நிரலாளர்களின் கண்ணில் அது படாது என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

‘தர்மபுரம்’ எத்தனை எழுத்து? பாலர் வகுப்புப் பிள்ளை ஆறு என்று சொல்லும்: த, ர், ம, பு, ர, ம். யூனிகோட் ஒன்பது என்று சொல்லும். ஏனெனில் அது ‘ர்’ என்பதை ரகரமும் புள்ளியுமாக, ‘ம்’ என்பதை மகரமும் புள்ளியுமாக, ‘பு’ என்பதைப் பகரமும் உகரக்குறியுமாக இரண்டிரண்டாகச் சேமிக்கிறது. கோப்பில் எழுதும்போது தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும், ஆக இருபத்தேழு. ஒரே ஊருக்கு மூன்று நீளம். ஒவ்வொரு ஊடகமும் ஒவ்வொரு கணக்கைப் பிடித்திருக்கிறது. மாஸ்டோடன் என்ற ஊடகம் பிள்ளையின் பக்கம். ஆறு என்று எண்ணும். இப்போது எக்ஸ் எனப்படும் டுவிட்டர் ஒன்பது என்று எண்ணும். ஆகவே வரம்பு 280 எழுத்து என்று எழுதியிருந்தாலும் தமிழருக்குக் கிடைப்பது ஏறத்தாழ நூற்றெண்பது எழுத்துத்தான்.

புளூஸ்கை என்ற ஊடகத்தில் கதை இன்னும் சிக்கல். பதிவின் நீளத்தை அது எழுத்துக் கணக்கில் பார்க்கிறது, முந்நூறுவரை போகலாம். ஆனால் பதிவுக்குள் ஓர் இணைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பைட் கணக்கில் சொல்லவேண்டும். ‘தர்மபுரம் செய்தி’ என்ற வரியில் ‘செய்தி’ என்ற சொல்லுக்கு இணைப்புக் கொடுக்கவேண்டும் என்று வையுங்கள். ஊர்ப்பெயருக்கு இருபத்தேழு, இடைவெளிக்கு ஒன்று. இணைப்பு இருபத்தெட்டாம் இடத்தில் தொடங்கும், பதினெட்டு பைட் கடந்து நாற்பத்தாறில் முடியும். யாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஒருவர் அந்த மொழியின் வழமையான முறையில் நீளத்தைக் கேட்டால் பத்து, பதினாறு என்று விடை வரும். அதை அப்படியே அனுப்பினால் இணைப்பு ஊர்ப்பெயரிலுள்ள ‘ம’வின் நடு வயிற்றில் தொடங்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வரும், பிழை ஒளிந்தே கிடக்கும். இத்தகைய பிழையைப் பிடிக்கத் தமிழில் ஒரு சோதனை வரி போதும். திறமூலத் திட்டங்களுக்கு நம் பிள்ளைகள் செய்யக்கூடிய முதல் பங்களிப்பு இந்த ஒரு வரியாகவே இருக்கலாம். பெரிய நிரலறிவு வேண்டாம், தாய்மொழி தெரிந்தால் சரி.

பூட்டிய வாசல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். திறந்த வாசலும் ஒன்று உண்டு. 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் ‘அக்டிவிட்டிபப்’ என்ற நெறிமுறையைப் பரிந்துரையாக வெளியிட்டது. ஒவ்வொரு கணக்குக்கும் வந்த கடிதப் பெட்டி ஒன்று, போன கடிதப் பெட்டி ஒன்று. ஒரு வழங்கியில் எழுதியதை இன்னொரு வழங்கியிலுள்ளவர் பின்தொடரலாம், இரண்டும் வெவ்வேறு மென்பொருளாக இருந்தாலும். மாஸ்டோடன் இதில் ஓடுகிறது. அங்கே எவருடைய பக்க முகவரிக்கும் பின்னால் ஒரு புள்ளியும் ‘rss’ என்ற ஓடையின் மூன்றெழுத்துப் பெயரும் சேர்த்தால் அவருடைய செய்தியோடை வந்துவிடும். சாவியும் வேண்டாம், டொலரும் வேண்டாம். நம்மூரில் இதில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டால் மறுக்கமாட்டேன். தளத்துக்குத் தண்ணீர் வரவேண்டிய ஓடையாக மட்டும் வைத்துக்கொண்டால்கூட அதற்கு ஒரு பயன் உண்டு.

எல்லாப் பதிவையும் தளத்துக்குக் கொண்டுவரலாமா? கூடாது. 2015 டிசம்பர் முதல் வாரச் சென்னை வெள்ளத்தில் தொண்டர்கள் டுவிட்டரில் வந்த உதவிக் குரல்களைத் திரட்டி ஒரு பொது அட்டவணைக்கும் அதிலிருந்து ஒரு தளத்துக்கும் கொண்டுவந்தார்கள். ‘படகு வேண்டும்’ என்ற பதிவுக்குப் படகு போய்ச் சேர்ந்து வெகு நேரமான பிறகும் அந்தப் பதிவு பகிரப்பட்டுக்கொண்டே இருந்தது. பகிர்ந்தவர்கள் எல்லோரும் நல்ல மனம் படைத்தவர்கள். தொலைபேசியில் அழைத்து உறுதி செய்த பின்னரே ஒரு வரியை நம்பமுடிந்தது. ஊடகத்தில் ஒரு பதிவு அந்தக் கணத்துக்கானது, தளத்தில் ஒரு வரி இன்னும் உண்மையாக இருக்கிறது என்று வாசகர் எண்ணுகிறார். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, முந்தைய நாளின் நீர்மட்டத்தை இன்றையது என்று நினைத்து ஒரு குடும்பம் வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்? ஆகவே கொண்டுவரும் நிரலுக்கு ஒரு வடிகட்டி வேண்டும். புதிய பதிப்பு, பாதுகாப்புத் திருத்தம், கூட்ட அறிவிப்பு போன்றவற்றுக்கு எழுதுபவரே ஒரு குறிச்சொல் இட்டுவிடட்டும். குறிச்சொல் இல்லாதது தளத்துக்கு வரவேண்டாம். வாழ்த்துகளும் நகைச்சுவைப் படங்களும் முகநூலிலேயே சுகமாக இருக்கட்டும்.

குறிச்சொல்லைவிட முக்கியம் நேரம். எந்தப் பதிவோடும் எழுதிய நேரம் வரவேண்டும், அந்த நேரம் எந்த நேர வலயத்தில் என்பதும் வரவேண்டும். இங்கே வன்னிக்கு உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 1996 மேயில் இலங்கை தன் கடிகாரத்தைக் கிறீன்விச்சிலிருந்து ஆறரை மணித்தியாலத்துக்கு நகர்த்தியது; அந்த ஒக்டோபரில் ஆறுக்கு இறக்கியது; 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. பத்து வருடமும் ஐந்தரையிலேயே நின்றன. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தபோது கொழும்புக் கடிகாரத்தில் காலை 6.58, பரந்தன் முல்லைத்தீவு வீதியில், தர்மபுரத்துச் சுவரில், 6.28.

உலகின் பல கணினிகளும் போன்களும் நேர வலயங்களுக்கு நம்பியிருப்பது தொண்டர்கள் பராமரிக்கும் ஒரு திறமூலத் தரவுத்தளத்தை. இலங்கைக்கு அதில் கொழும்பின் பெயரில் ஒரே ஒரு பதிவுதான். வன்னியில் கடிகாரம் மாறவில்லை என்ற செய்தி அந்தக் கோப்பில் மனிதர் வாசிக்கும் குறிப்பாக இருக்கிறது. இயந்திரம் அதை வாசிக்காது. எனவே 2004இல் கிளிநொச்சியில் ‘காலை 9 மணி’ என்று எழுதிய குறிப்பொன்றை யாராவது இன்று எண்ணிமமாக்கித் தளத்தில் ஏற்றி, வலயத்தைக் கொழும்பு என்று தேர்ந்தால், நிரல் அதை உலகப் பொது நேரம் 3.00 என்று பதியும். சரியான விடை 3.30. அப்படியான குறிப்புகளை ஏற்றுபவர் வலயத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கூட்டல் ஐந்தரை என்று ஒவ்வொன்றிலும் கையாலேயே எழுதவேண்டும்.